அக்காவுக்கு ஒரு மாத்திரை, எனக்கு ஏன் இரண்டு மருந்து?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார். வயது 51. மாதவிடாய் நின்று 14 மாதம் ஆகிறது. இரவில் நான்கைந்து முறை உடம்பு குப்பென்று எரிந்து, வேர்த்து, தலையணை உறை நனைந்துவிடுகிறது. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை, அதற்கு மெட்ஃபார்மின். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. எடை 74 கிலோ. மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தோலில் தடவும் ஜெல்லாகவும், புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனை இரவில் விழுங்க 100 மில்லிகிராம் மருந்தாகவும் எழுதியிருக்கிறார். வில்லியனூரில் இருக்கும் அக்காவுக்கு வயது 54. சர்க்கரை, அழுத்தம் ஒன்றும் இல்லை. 47 வயதில் கர்ப்பப்பையை எடுத்தவர். அதே மருத்துவர் அவருக்கு ஒரே ஒரு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்திருக்கிறார். துணைக்குப் போன 67 வயதுச் சின்னம்மாவும் கேட்டதற்கு, "உங்களுக்கு மாத்திரை வேண்டாம்" என்று சொல்லி ஒரு கிரீமை மட்டும் எழுதியிருக்கிறார். "ஒரே குடும்பம், ஒரே மருத்துவர், மூன்று விதமான சீட்டு. எதை வைத்து எழுதுகிறார்கள்? இதெல்லாம் புற்றுநோயில் கொண்டுபோய் விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மருந்தை வாங்கிவிட்டேன், இன்னும் பிரிக்கவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, மூன்று சீட்டும் யோசித்து எழுதப்பட்டவைதான். ஏன் அப்படி எழுதினார் என்று சொல்லி அனுப்பாததுதான் குறை. மருந்து எழுத இரண்டு நிமிடம் போதும். எடுத்துச் சொல்ல இருபது நிமிடம் வேண்டும். அந்த இருபது நிமிடம் கிடைக்காத பெண், திண்ணையில் கேட்ட பேச்சை நம்பி மருந்தை அலமாரியில் வைத்துவிடுகிறார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 26 ஆண்டுகளாகப் பெண்களுக்கு மருத்துவம் பார்க்கிறேன். பிரிக்காமலே தேதி முடிந்துபோன மருந்துப் பெட்டிகளைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டியவர்கள் நிறையப் பேர். அதனால் உங்கள் மூவரின் சீட்டையும் கையில் வைத்துக்கொண்டே, எழுதுகிறவரின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதைச் சொல்கிறேன்.

கடைசி மாதவிடாய்க்குப் பிறகு 12 மாதம் முழுதாக ஒன்றும் வரவில்லை என்றால், நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதை ஒட்டி நிற்கிறது, மேல்நாடுகளில் 51. உங்கள் வயதில் இதை உறுதிசெய்ய ஹார்மோன் இரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. 45-ஐத் தாண்டியவருக்கு நாட்காட்டியே சாட்சி. ஆனால் "இரவில் வேர்க்கிறது" என்று கேட்டவுடனே பேனாவை எடுத்துவிடக் கூடாது. நம் ஊரில் இரவு வேர்வைக்கு வேறு காரணங்களும் உண்டு. மாலைக் காய்ச்சல், எடை இறக்கம், விடாத இருமல் சேர்ந்திருந்தால் காசநோயைத் தேட வேண்டும். நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால் தைராய்டைப் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் நள்ளிரவில் நனைந்து எழுந்தால், சர்க்கரை தாழ்ந்துபோயிருக்கலாம். அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தால் சர்க்கரை அப்படித் தாழ்வது அரிது. அதனால் மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததே உங்கள் வேர்வைக்குக் காரணம் என்று நம்பலாம்.

இந்த வேர்வையை "உடம்புச் சூடு" என்று சொல்லி, வெந்தயம் ஊறவைத்துக் குடித்து, வாரம் இரண்டு முறை எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். அதில் கெடுதல் இல்லை. ஆனால் சூடு வயிற்றிலோ இரத்தத்திலோ இல்லை. மூளையின் அடிப்பகுதியில் உடலின் வெப்பத்தைக் கண்காணிக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இருந்தவரை அது சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வைப் பொறுத்துக்கொண்டது. ஈஸ்ட்ரோஜன் இறங்கியதும் கால் டிகிரி ஏறினாலே அபாயமணி அடித்துவிடுகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, வேர்வை கொட்டுகிறது, அடுத்த நிமிடம் குளிர்கிறது. அக்னி நட்சத்திரத்தில் கடலூர் புழுக்கத்தோடு இதுவும் சேர்ந்தால் என்ன பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். "இரண்டு மூன்று மாதம் பொறுத்துக்கொள்" என்று வீட்டில் சொல்வார்கள். அமெரிக்காவில் நடந்த நீண்டகால ஆய்வு ஒன்றில், இந்தத் தொல்லை நீடித்த காலம் நடுமதிப்பாக 7.4 ஆண்டு. ஏழு ஆண்டு தூங்காமல் காலையில் வகுப்பெடுக்கச் சொல்வது நியாயமில்லை.

ஹார்மோன் சிகிச்சை எதற்கு என்பதில் மருத்துவர் தெளிவாக இருக்க வேண்டும். உடல் எரிச்சல், இரவு வேர்வை, அதனால் கெடும் தூக்கம் ஆகியவற்றுக்கு இதைவிடச் சிறந்த மருந்து இன்றுவரை இல்லை. பிறப்புறுப்பு வறட்சிக்குக் கேட்கும். எலும்பு தேய்வதைத் தடுக்கும், எலும்பு முறிவைக் குறைக்கும். இதயநோய் வராமல் காக்க, நினைவாற்றல் குறையாமல் இருக்க, இளமை திரும்ப என்று இதை எழுதுவது தவறு. ஒரு தொல்லையும் இல்லாத பெண்ணுக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று நான் எழுதுவதில்லை.

அடுத்து வயதும் இடைவெளியும். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற 10 ஆண்டுக்குள் தொடங்கினால், தொல்லை உள்ள பெண்ணுக்குப் பயன் பொதுவாக ஆபத்தைவிட அதிகம். அந்தக் காலம் கடந்து முதன்முறையாகத் தொடங்கினால் மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைக்கும் உறைகட்டி ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது. வயதோடு இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவு சேர்ந்திருக்கும். புதிதாக உள்ளே போகும் ஈஸ்ட்ரோஜன், அந்தப் படிவைக் கலைத்துவிடக்கூடும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். உங்கள் சின்னம்மாவுக்கு மாத்திரை மறுக்கப்பட்டது இதனால்தான். ஆனால் அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை பாருங்கள். அந்த வயதில் பெண்களுக்கு வறட்சி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று என்று வரும்; வெட்கத்தில் யாரிடமும் சொல்லமாட்டார்கள். ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகையான எஸ்ட்ரியால் கிரீமை முதல் இரண்டு வாரம் தினமும் இரவிலும், பிறகு வாரத்துக்கு இரண்டு முறையும் பிறப்புறுப்பின் உள்ளே தடவினால், அந்த இடத்தின் தோல் மறுபடி தடித்து, ஈரம் திரும்பி, சிறுநீர்த் தொற்று வருவது குறைகிறது. இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு என்பதால் 67 வயதிலும் கொடுக்கலாம். கூடவே புரோஜெஸ்டிரோனும் தேவையில்லை. எத்தனையோ பாட்டிமார்கள் மாதா மாதம் ஆன்டிபயாடிக் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கிரீமை அவர்களுக்கு யாரும் எழுதாதது எனக்குப் பெரிய வருத்தம்.

இனி உங்கள் கேள்வியின் நடு இடத்துக்கு வருகிறேன். அக்காவுக்கு ஒன்று, உங்களுக்கு இரண்டு. வித்தியாசம் கர்ப்பப்பை மட்டுமே. தொல்லையைத் தீர்ப்பது ஈஸ்ட்ரோஜன். ஆனால் கர்ப்பப்பை இருக்கும் உடலில் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக விட்டால், அதன் உட்சுவர் நிற்காமல் வளரும். நாளாக ஆகப் புற்றுநோயாக மாறலாம். இதை உலகம் அனுபவத்தில்தான் கற்றது. சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரைக்கு அமெரிக்காவில் 1942-இல் அனுமதி கிடைத்தது. அதன்பின் லட்சக்கணக்கான பெண்கள் அதைத் தனியாகவே விழுங்கினார்கள். அப்படி எடுத்தவர்களிடம் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பல மடங்கு கூடியிருப்பதை 1975-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. புரோஜெஸ்டிரோனைச் சேர்த்தால் அந்த ஆபத்து அடங்கிவிடுகிறது. உங்கள் இரவு மருந்து ஒரு காவல்காரர். ஜெல்லைத் தடவிக்கொண்டு, "இது எதற்கு இன்னொன்று" என்று இதை விட்டுவிடாதீர்கள். பணத்தை மிச்சம் பிடிக்க இரண்டில் ஒன்றைக் குறைக்கும் பெண்கள், பெரும்பாலும் இதைத்தான் குறைக்கிறார்கள். அக்காவுக்குக் காக்க வேண்டிய உட்சுவரே இல்லை. அதனால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். இதனால்தான் அக்காவின் மாத்திரையை நீங்கள் வாங்கிப் போட்டுப் பார்க்கவே கூடாது.

மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்காமல் தடுமாறிக்கொண்டிருப்பவருக்கு, மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும் 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் கொடுப்போம். அதை நிறுத்தியதும் தீட்டுப் போல வரும். நின்று ஓராண்டு கடந்த உங்களுக்குத் தினமும் 100 மில்லிகிராம். மாதா மாதம் வரும் தொல்லை இருக்காது. இந்தப் புரோஜெஸ்டிரோன் தூக்கத்தையும் வரவழைக்கும். அதனால்தான் இரவு என்று எழுதியிருக்கிறது. ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் நாள் தள்ளிப்போட மருந்துக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையும் இதுவும் ஒன்றல்ல.

ஜெல் ஏன், மாத்திரை ஏன்? விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே இரத்தம் உறைவதற்கான புரதங்களையும் டிரைகிளிசரைடு கொழுப்பையும் கூட்டிவிடுகிறது. காலிலோ நுரையீரலிலோ உறைகட்டி வரும் வாய்ப்பு அதனால் சற்று ஏறுகிறது. தோல் வழியே போவது கல்லீரலை முதலில் சந்திக்காமல் நேரே இரத்தத்தில் கலக்கிறது. வழக்கமான அளவில் அது உறைகட்டி ஆபத்தைக் கூட்டியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. உங்களுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், 74 கிலோ எடை என மூன்று இருக்கின்றன. இவற்றில் எதுவும் ஹார்மோனுக்குத் தடை இல்லை. ஆனால் மூன்றும் சேர்ந்து ஜெல்லின் பக்கம் கை காட்டுகின்றன. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் நான் ஜெல்லைத்தான் எழுதுவேன். இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லாத அக்காவுக்கு மாத்திரை பொருந்தும், விலையும் குறைவு. தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு. நம் கடற்கரைப் புழுக்கத்தில் மதியத்துக்குள் விளிம்பு உரிந்து புடவையில் ஒட்டிக்கொள்கிறது என்று என்னிடம் வந்தவர்கள் சொன்னதால், நான் அதை அதிகம் எழுதுவதில்லை.

புற்றுநோய்ப் பயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்தது 2002 ஜூலையில் உலகம் முழுக்கப் பரவிய ஒரு செய்தியின் மிச்சம். அமெரிக்காவில் கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களைச் சேர்த்து, பாதிப் பேருக்குக் குதிரை ஈஸ்ட்ரோஜனோடு, புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் செயற்கைப் புரோஜெஸ்டின் ஒன்றையும் கலந்த மாத்திரை, மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று கொடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று அதைப் பாதியில் நிறுத்தினார்கள். "26 சதவீதம் அதிகம்" என்று தலைப்புச் செய்திகள் வந்தன. ஓரிரு ஆண்டுகளில் கோடிக்கணக்கான மருந்துச் சீட்டுகள் நின்றுபோயின. மருத்துவர்களும் பயந்தார்கள். அந்த ஆண்டுகளில் படித்து வந்த ஒரு தலைமுறை மருத்துவர்கள் இதை எழுதக் கற்காமலே போனார்கள்.

அந்த 26 சதவீதத்தை நம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் வைத்துப் பாருங்கள். மைதானத்தில் 10,000 பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் மருந்து எடுக்கவில்லை. அந்த ஆய்வின் கணக்குப்படி ஓராண்டில் அவர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும். 10,000 பேரும் அந்தக் கலவை மாத்திரையை எடுத்தால் 38 பேருக்கு வரும். கூடுதலாக எட்டுப் பேர். அதே மைதானத்தில் பக்கவாதம் எட்டுப் பேருக்கும், நுரையீரல் உறைகட்டி எட்டுப் பேருக்கும், இதயநோய் ஏழு பேருக்கும் கூடியது. பெருங்குடல் புற்றுநோய் ஆறு பேருக்கும், இடுப்பு எலும்பு முறிவு ஐந்து பேருக்கும் குறைந்தது. எட்டுப் பேர் என்பது சும்மா இல்லை. அந்த எட்டில் ஒருவர் என் முன்னால் உட்காரும்போது எண்ணிக்கை பேச முடியாது. ஆனாலும் பத்தாயிரத்தில் எட்டு என்று கேட்டு முடிவெடுக்கும் பெண்ணும், "ஹார்மோன் என்றால் புற்றுநோய்" என்று கேட்டு முடிவெடுக்கும் பெண்ணும் ஒரே முடிவுக்கு வரமாட்டார்கள். முதல் பெண்ணாக உங்களை ஆக்குவது என் கடமை.

இன்னும் இரண்டு விவரங்கள் அந்தச் செய்தியில் தொலைந்துபோயின. ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மூவரில் இருவர் 60-ஐத் தாண்டியவர்கள். வேர்வைத் தொல்லையோடு 51 வயதில் வரும் உங்களைப் போன்றவரை மனத்தில் வைத்து அமைந்த ஆய்வு அல்ல அது. இரண்டாவது, கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த மறுபகுதியும் இருந்தது. பக்கவாதம் கூடியதால் அதை 2004-இல் நிறுத்தினார்கள். ஆனால் அங்கே மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இருபது ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது மருந்து எடுத்தவர்களிடம் அது குறைவாகவே இருந்தது. உங்கள் அக்கா இதைக் கேட்டால் நிம்மதியாகத் தூங்குவார்.

உங்கள் சீட்டில் இருப்பது அந்த ஆய்வின் செயற்கைப் புரோஜெஸ்டின் அல்ல. உடலில் சுரப்பதைப் போன்ற அதே புரோஜெஸ்டிரோன், நுண்ணிய துகளாக்கப்பட்டது. பிரான்ஸில் 1990 முதல், பெரும்பாலும் உங்களைப் போன்ற ஆசிரியைகளான ஏறத்தாழ ஒரு லட்சம் பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜனோடு இந்த வகைப் புரோஜெஸ்டிரோனை எடுத்தவர்களிடம், செயற்கை வகை எடுத்தவர்களைவிட மார்பகப் புற்றுநோய் ஆபத்து குறைவாகத் தெரிந்தது. இது குலுக்கல் முறையில் பெண்களை இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு அல்ல. நீண்ட காலம் எடுத்தால் ஆபத்து சற்று ஏறுவதும் தெரிந்தது. ஆகவே முற்றிலும் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். இரண்டில் எது என்றால் இதைத் தேர்ந்தெடுப்பேன். உங்கள் மருத்துவரும் அதையே செய்திருக்கிறார். உங்கள் எடையைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்றபின் உடல் பருமனும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது. சில்வர் பீச்சில் காலை நடையும் சோற்றின் அளவும் இந்தச் சிகிச்சையின் பகுதிதான். 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மருந்துகளின் மேல் இருபது ஆண்டுக்கு மேலாக இருந்த கட்டமிட்டு அச்சிட்ட கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கும் நடவடிக்கையை அறிவித்தது. பயம் தணியத் தொடங்கியிருக்கிறது. அதற்காக யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஆகிவிடவில்லை.

கொடுக்கக் கூடாதவர்கள் உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர், ஈஸ்ட்ரோஜனால் வளரும் வேறு புற்றுநோய் உள்ளவர், காரணம் கண்டுபிடிக்காத இரத்தப்போக்கு உள்ளவர், உறைகட்டி, மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர், கல்லீரல் நோய் முற்றியிருப்பவர். அம்மாவுக்கோ சித்திக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்தது என்பது மட்டும் தடை ஆகாது. ஆனால் எந்த வயதில், எத்தனை பேருக்கு என்று நிதானமாகக் கேட்க வேண்டும். தடை உள்ளவர்களுக்கு ஹார்மோன் இல்லாத வழிகள் இருக்கின்றன. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் குறைந்த அளவில் இந்த வேர்வையைக் குறைக்கும். இரவு வேர்வைக்கு காபாபென்டின் உதவும். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் எடுப்பவருக்கு மட்டும் அந்த மனச்சோர்வு மருந்துகளில் பராக்ஸிட்டினைத் தவிர்த்து வென்லாஃபாக்ஸினை எழுதுவோம். பராக்ஸிட்டின், டமாக்ஸிஃபென் உடலில் வேலை செய்யும் பொருளாக மாறுவதைத் தடுக்கிறது. மூளையின் அந்த வெப்பக் கண்காணிப்பு இடத்திலேயே வேலை செய்யும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்துக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை எடுத்தால் கல்லீரலைக் கவனிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் இயல்பான வயதில் நின்றவர்களுக்கு. சிறு வயதிலேயே நின்றவர்களின் கணக்கு முற்றிலும் வேறு. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு பெண் வந்தார். வயது 38. விரல் நுனிகள் முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்து, தோல் உரிந்திருந்தன. "காலையில் வைக்கிற பொட்டு பத்து மணிக்குள் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிகிறது, அம்மா. உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு விட்டுப்போகிறது" என்றார். ஐந்து ஆண்டுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். மஞ்சள் படிந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார். கர்ப்பப்பையோடு, ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் இரண்டு சூலகங்களையும் (சினைப்பைகளையும்) எடுத்திருப்பதாக அதில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அவருக்கு அது தெரியாது. "பை மட்டும் என்றுதானே சொன்னார்கள்?" என்று கேட்டார். 33 வயதில், ஒரே நாளில், ஈஸ்ட்ரோஜன் முழுதும் நின்றுபோயிருக்கிறது. ஐந்து ஆண்டாக யாரும் ஒரு மாத்திரை எழுதவில்லை. கேட்டால் புற்றுநோய்ப் பயம் என்பார்கள். 63 வயதுப் பெண்களிடம் கண்ட ஆபத்தை 33 வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றக் கூடாது. இயல்பாக இருந்திருந்தால் அவர் உடலில் இன்னும் எட்டு ஒன்பது ஆண்டு சுரந்திருக்க வேண்டியதைத்தான் நாம் திருப்பிக் கொடுக்கிறோம். கொடுக்காவிட்டால் எலும்பும் இதயமும் முன்கூட்டியே தேய்கின்றன. 40 வயதுக்குமுன் நின்றவருக்கு, தடை எதுவும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயது வரையாவது கொடுக்க வேண்டும். அளவும் உங்களுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். அந்தப் பெண் இரண்டாம் மாதம் வந்தபோது பொட்டு நெற்றியிலேயே இருந்தது. கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் எந்தப் பெண்ணும், "சூலகத்தை விட்டுவைக்கிறீர்களா?" என்று கேட்காமல் போடக் கூடாது.

உங்கள் ஜெல்லைப் பற்றி. ஒரு அழுத்துக்கு 0.75 மில்லிகிராம் வரும் வகை என்றால், ஒரு அழுத்தில் தொடங்குவதே முறை. குளித்துத் துடைத்தபின், கையின் வெளிப்புறத்திலோ தொடையிலோ மெல்லப் பரப்புங்கள். மார்பில் தடவக் கூடாது. சில நிமிடம் காயவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் பேரக்குழந்தை இருந்தால் தொடையில் தடவுவதே நல்லது. தூக்கிக் கொஞ்சும்போது குழந்தையின் தோலில் ஒட்டக் கூடாது. முதல் வாரத்திலேயே வேர்வை நிற்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். நான்கு வாரத்தில் குறைவது தெரியும். முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். போதவில்லை என்றால் மூன்றாம் மாதம் மருத்துவர் அளவைக் கூட்டுவார். மார்பு கனத்து வலிப்பதும் வயிறு உப்புவதும் தொடக்கத்தில் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். முதல் ஆறு மாதத்தில் கறையாகச் சிறிது படுவதும் உண்டு. தேதியைக் குறித்துக்கொண்டு அடுத்த முறை சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் பட்டாலோ, நின்று போய் மறுபடி வந்தாலோ, எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஸ்கேன் செய்து உட்சுவரின் தடிமனைப் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால், மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எத்தனை ஆண்டு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். ஐந்து ஆண்டு என்ற கட்டாயக் கெடு இப்போது இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை உட்கார்ந்து, தொல்லை இன்னும் இருக்கிறதா, புதிதாக நோய் வந்திருக்கிறதா, அளவைக் குறைக்கலாமா என்று பார்த்து, தொடர்வதா நிறுத்துவதா என்று இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். நிறுத்தியபின் சிலருக்கு வேர்வை திரும்பும். அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் மட்டும் இல்லை: மார்பகப் பரிசோதனை செய்தார்களா, மேமோகிராம் எடுத்தீர்களா என்று. எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். இங்கே நாள் கிடைக்காவிட்டால் புதுச்சேரிக்குப் போய் வாருங்கள், பஸ்ஸில் ஒரு மணி நேரம். கர்ப்பப்பை ஸ்கேன், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, கொழுப்பு, கல்லீரல், தைராய்டு இரத்தப் பரிசோதனைகள் ஆகியவற்றின் தாள்களோடு உங்கள் மருத்துவரை ஒரு முறை பார்த்து, "தொடங்கலாமா?" என்று கேளுங்கள். அவர் தலையசைத்ததும் ஜெல்லைக் காலையில் தொடங்குங்கள். இரவு மருந்தை மட்டும் ஒரு சனிக்கிழமை தொடங்குங்கள்; முதல் காலையில் சற்றுக் கிறக்கமாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பள்ளி இல்லை.